லேசர் சரியாகத்தான் எழுதுகிறது, கழுவும்போதுதான் போகிறது

இரண்டு ஃபோட்டான் லேசர் பிரிண்டரில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய தூண், வலை, லென்ஸ் என்று செய்யும் கருவி. வாங்கலாமா, வேறு ஆய்வகத்தில் வாடகைக்கு எடுத்தால் போதுமா என்று கேட்பவர்களுக்காக இது.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 780 நானோமீட்டர் லேசர், ஒவ்வொரு துடிப்பும் 100 ஃபெம்டோ நொடி அளவில். ஒளி பட்டால் இறுகும் திரவமான ரெசின், சாதாரணமாக இந்த ஒளியை உறிஞ்சாது. குவியும் புள்ளியில் மட்டும் ஒளி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கி, அந்த இடம் மட்டும் இறுகுகிறது. லேசர் பிறப்பதற்கு முன்பே, 1931-ல், மரியா கோப்பர்ட் மேயர் இப்படி நடக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். புள்ளியை ரெசினுக்குள் நகர்த்திக்கொண்டே போனால் வடிவம் கிடைக்கும்; இதைத்தான் எழுதுவது என்கிறோம்.

கையேட்டின் முதல் பக்கத்தில் 'இத்தனை நானோமீட்டர் நுணுக்கம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் வேலை கெடுவது அதனால் இல்லை. எழுதுவதற்கு முன்னும் பின்னும்தான் கெடுகிறது.

முதலில் கண்ணாடியின் மேற்பரப்பு. ரெசினும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்திலிருந்து திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கருவி தரையைக் கண்டுபிடிக்கும். சாதாரணக் கண்ணாடிக்கும் பல ரெசின்களுக்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்று, 1.52 பக்கம். அதனால் எதிரொளிப்பு வருவதே இல்லை; கருவி தேடிக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் ஒளிவிலகல் எண் வேறுபடும் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடியோ, ஃபியூஸ்டு சிலிக்காவோ வாங்குகிறோம். தரை கிடைத்த பிறகும் அரை மைக்ரோமீட்டராவது கண்ணாடிக்குள் இறங்கித் தொடங்குவதே நல்லது. கொஞ்சம் மேலே தொடங்கிவிட்டால், திரையில் அழகாக எழுதிக்கொண்டிருக்கும். இறுகாத ரெசினைக் கரைத்து எடுக்கும் டெவலப்பரில் போட்டதும் மிதந்து போய்விடும். சாய்வையும் பாருங்கள். 0.1 டிகிரி சாய்ந்தாலே ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் 1.7 மைக்ரோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

லேசரின் பவரை ஊகிக்க வேண்டாம். ஒரே சின்ன வடிவத்தைக் கட்டம் கட்டமாக, ஒரு பக்கம் பவரை ஏற்றி, இன்னொரு பக்கம் வேகத்தை மாற்றி எழுதிப் பாருங்கள். ஒரு மூலையில் எதுவுமே நிற்காது, எதிர் மூலையில் ரெசின் கொதித்துக் குமிழி விடும். நடுவில் கிடைக்கும் குறுகிய இடம்தான் உங்களுடையது. புது பாட்டில் திறந்தால் இதைத் திரும்பச் செய்வேன். சலிப்பாக இருக்கும், ஆனால் பெரிய வேலை நடுவில் குமிழி வந்தால் அன்றைய நாளே போச்சு.

அப்புறம் உலர்த்துவது. டெவலப்பரான பிஜிஎம்இஏ கரைப்பானில் ஊறவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி எடுக்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். திரவம் ஆவியாகும் கடைசி நொடிகளில், நனைந்த பிரஷ்ஷின் இழைகள் போல, மெல்லிய தூண்கள் நாலைந்தாகச் சேர்ந்து தலை கவிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசையாகக் குட்டிக் கூடாரங்கள். பரப்பு இழுவிசையின் வேலை இது. எழுதும் லேசரை எவ்வளவு திருத்தினாலும் தீராது. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர் உயரம் வேண்டும் என்றால், கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர் இல்லாமல் இறங்காதீர்கள். அது ஐசோபுரொப்பைலை எடுத்துவிட்டுத் திரவ கார்பன் டை ஆக்சைடை வைத்து, 31 டிகிரி, 74 பார் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகும். அங்கே திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில் பரப்பே இல்லை, எனவே இழுக்க ஆளில்லை.

ஒசாகாவில் 2001-ல் இதே முறையில் செய்த 10 மைக்ரோமீட்டர் நீளக் காளை பொம்மையின் படத்தை எல்லாரும் காட்டுவார்கள். அற்புதம்தான். ஆனால் அது கட்டுமஸ்தான காளை, அதைக் காய வைப்பதில் பெரிய கஷ்டம் இருந்திருக்காது.

ரெசின் சுருங்கவும் செய்யும். அடி கண்ணாடியில் ஒட்டியிருக்க மேல் பகுதி மட்டும் சுருங்குவதால், கனசதுரம் லேசாகப் பிரமிடு மாதிரி குறுகி வரும். அளவு முக்கியம் என்றால் வடிவத்தையே முன்கூட்டி மாற்றி வரைய வேண்டும்.

நேரக் கணக்கைப் பார்க்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கோடுகள், 0.3 மைக்ரோமீட்டரில் அடுக்குகள், நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகம். 100 மைக்ரோமீட்டர் கனசதுரத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அதையே ஒரு மில்லிமீட்டர் ஆக்கினால் 19 நாள்! வெளிச்சுவரை மட்டும் எழுதி, உள்ளே இருப்பதைப் புற ஊதா விளக்கில் இறுக்கும் வழி உண்டு; பெரிய உருப்படிகளுக்கு நான் அதைத்தான் செய்கிறேன்.

ஆகவே என் கருத்து: மில்லிமீட்டர் அளவில், நூறு மைக்ரோமீட்டர் நுணுக்கம் போதும் என்றால் சாதாரண ரெசின் பிரிண்டரே போதும். ஃபைபர் முனையில் லென்ஸ், செல்களுக்கான சாரக்கட்டு, நானோ வலை என்றால் இதை விட்டால் வேறு வழி குறைவு. அப்போதும் முதலில் வாடகைக்கு எடுங்கள். பதிவு செய்யும் முன் டிரையர் இருக்கிறதா, எலக்ட்ரான் நுண்ணோக்கி அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். டெமோவுக்குப் போனால் அவர்கள் வைத்திருக்கும் மாதிரி வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே மிக ஒல்லியான வடிவத்தின் எஸ்டிஎல் ஃபைலை (முப்பரிமாண வரைபட ஃபைல்) கொண்டுபோய் உங்கள் கண் முன்னால் எழுதி, கழுவி, காய வைத்துத் தரச் சொல்லுங்கள்.