மார்கழியில் பால் காளான்: குடிலுக்குச் சூடேற்ற எது தேவலை?

பால் காளான் வெயில் காலத்துப் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே 2 ரகம் 1998-இல் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. அருப்புக்கோட்டை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காளானின் குணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டு வைத்துக் காளானாக விரிய அறைக்குள் 30 முதல் 35 டிகிரி வேண்டும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சித்திரையில் கூரை மேல் தண்ணீர் ஊற்றிக் காளான் குடிலைக் குளிர வைக்கப் படாதபாடு படுகிறோம். அதே குடிலில் மார்கழி வந்ததும் மொட்டு ஊசிமுனை அளவிலேயே நின்றுவிடுகிறது.

நமது மதுரையின் குளிரை முதலில் அளந்துகொள்வோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகலில் 29, 30 டிகிரி தாராளமாக இருக்கும். இரவில் 20, 21. அழகர்மலை, சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆக, சூடு தேவைப்படுவது இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு மணி வரை. அதுவும் அதிகம் போனால் 10 டிகிரி. இன்னொன்று, எல்லா அறைக்கும் இது தேவையில்லை. வித்து, அதாவது காளான் விதை, பைக்குள் பரவும் கட்டத்தில் 25 டிகிரி இருந்தாலே பூசண இழை நன்றாகப் படர்ந்துவிடும். வைக்கோலும் வித்தும் அடைத்த பைகள் தாமாகவே கொஞ்சம் சூடு விடும் என்பதால் நெருக்கி அடுக்கினால் போதும். கேசிங் மண் (பூசணம் படர்ந்த படுக்கையின் மேல் பரப்பும் மண்) போட்ட படுக்கைகள் இருக்கும் அறைக்கு மட்டும்தான் இந்தப் பாடெல்லாம்.

சூடு எங்கே போகிறது?

பத்துக்குப் பன்னிரண்டு அடி, எட்டடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் காற்றை 10 டிகிரி ஏற்ற ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. செலவெல்லாம் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெளியேறுவதை ஈடுகட்டுவதில்தான். இதே அளவில் ஒற்றை சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் விரிப்பு) போர்த்திய குடிலாக இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசத்தில் மணிக்குச் சுமார் இரண்டரை யூனிட் சூடு ஓடிப்போகும். இரண்டு கிலோவாட் ஹீட்டரை விடிய விடிய ஓட்டினாலும் பற்றாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை என்றால் அதே இழப்பு மணிக்கு ஒரு யூனிட் பக்கம் வந்துவிடும். கூரைக்கு அடியில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் இன்னும் குறையும்.

அதனால் ஹீட்டர் விலை விசாரிப்பதற்கு முன்னால் குடிலைப் பார்க்க வேண்டும். சில்பாலின் குடில் என்றால் உள்ளே ஓர் அடுக்கு பாலித்தீனை நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். இழப்பு ஏறக்குறைய பாதியாகும். வெளியே சாயங்காலம் ஐந்தரைக்குள் தென்னங்கீற்றுத் தட்டியோ வைக்கோல் பாயோ இறக்கிவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் சுருட்டிவிட வேண்டும். பகலில் பாலித்தீனுக்குள் ஏறும் சூட்டை ராத்திரிக்குப் பிடித்து வைக்கிற வேலை இது. இதற்குத் தட்டி பின்னும் கூலியைத் தவிர வேறு செலவில்லை.

இரட்டை அடுக்கில் இன்னொரு லாபமும் உண்டு. விடியலில் ஒற்றைச் சில்பாலினின் உள்பக்கத்தைத் தொட்டால் கை நனையும். அந்த நீர் கூரையிலிருந்து சொட்டி, கேசிங் மண்ணில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே உள்ள மொட்டு மட்டும் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று வரும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். பல இடங்களில் காரணம் இந்தக் குளிர்ந்த சொட்டுதான்.

பள்ளக் குடிலா, தரைக் குடிலா?

பால் காளானுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் மாதிரி, தரைமட்டத்துக்குக் கீழே பாதி இறங்கி, மேலே நீலச் சில்பாலின் போர்த்திய குடில். பூமிக்குள் மூன்று நாலு அடி போனால் மண்ணின் சூடு ஆண்டு சராசரியை ஒட்டியே இருக்கும். மதுரையில் அது 28 டிகிரிப் பக்கம். வெளியே 20 இருக்கும் இரவில் நாலாபுறமும் 28 டிகிரி சுவர் நிற்பது எந்த ஹீட்டரும் தராத வசதி. புதிதாகக் குடில் போடுகிறவர் செம்மண் மேட்டில் இருந்தால் யோசிக்காமல் பள்ளக் குடிலே போடலாம்.

ஆனால் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் நான் அதைச் சொல்ல மாட்டேன். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது. பக்கச் சுவர் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் சூடு வேண்டிய நேரத்தில் குடிலே இல்லாமல் போகும். கல் கட்டி, சுற்றிலும் வடிகால் எடுத்து அதைச் சரிசெய்யலாம்தான். அந்தக் காசுக்குத் தரைமேல் செங்கல் அறையே கட்டிவிடலாம்.

உலர்ந்த சூடும் ஈரச் சூடும்

குடிலை இறுக்கிய பிறகும் ராத்திரியில் நாலைந்து டிகிரி குறையத்தான் செய்யும். அதற்கு என்ன வைப்பது என்பதில்தான் வாதமெல்லாம். விற்பவர்கள் வாட் கணக்கைச் சொல்வார்கள். காளான்காரர் பார்க்க வேண்டியது ஈரத்தை.

21 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை அப்படியே 31 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு விழுந்துவிடும். காற்றில் உள்ள நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று இன்னும் நீரைக் கேட்கிறது, அவ்வளவுதான். அதைக் கேசிங் மண்ணிலிருந்தும் மொட்டிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். சரி, ஸ்பிரேயர் அடித்துக்கொள்ளலாமே என்றால், நமது அறையில் ஈரப்பதத்தை மறுபடி 85-க்கு ஏற்றச் சுமார் 300 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். அது ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் சூடு, காற்றை 10 டிகிரி ஏற்றச் செலவான சூட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் ஸ்பிரேயர் என்று ஓட்டுகிறவர்களின் மின்கட்டணம் ஏன் எகிறுகிறது என்பது இதில் தெரியும். ஒவ்வொரு முறை காற்று மாற்றும்போதும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மின் ஹீட்டர் அந்த வகையில் உலர்ந்த சூடு. சூட்டைப் பார்த்துத் தானே அணைத்து இயக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதால் நாம் தூங்கலாம், அதுதான் அதன் பெரிய பலம். நன்றாக மூடிய சின்ன அறைக்கு, ஒரு பக்கெட் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் தொங்கவிட்டுப் பயன்படுத்தலாம். ஃபேன் வைத்த ஹீட்டரைவிட எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை மேல். அனல் காற்றை நேரே படுக்கையில் அடிக்காது. வீட்டு இணைப்பில் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் கொஞ்சம் போய்விடும்.

கோழிக்குஞ்சுக் கொட்டகையில் தொங்குகிற மாதிரிக் குண்டு பல்பு? 100 வாட் பல்பும் 100 வாட் ஹீட்டரும் கடைசியில் தருவது ஒரே சூடுதான். பால் காளானுக்கு அறுவடைக் கட்டத்தில் வெளிச்சமும் வேண்டும் என்பதால் அந்த வெளிச்சம் வீணில்லை. ஆனால் பல்புக்கு நேர் கீழே இருக்கும் படுக்கை காய்ந்து, மூலையில் இருப்பது குளிர்ந்தே கிடக்கும். ஈரம் தெளிக்கும்போது ஒரு துளி பட்டாலும் சூடான கண்ணாடி தெறிக்கும். நாற்றுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் சூட்டுப் பாய் மிளகாய், தக்காளி நாற்றுக்கு அருமை. அறையைச் சூடாக்க அது வந்ததல்ல. ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். மின்சாரத்தில் அதைவிடச் சிக்கனம் இல்லை. ஆனால் முதலீடு பெரிது, விரிந்த காளானிலிருந்து பறக்கும் வித்துத்தூள் ஏ.சியின் காயிலில் போய் அடைக்கும். தினம் அறுவடை செய்து கடைகளுக்கு ஒப்பந்தத்தில் போடுகிறவர்கள்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

“அண்ணே, ஒரு சட்டியில கரி போட்டு வச்சா சுருக்கா சூடேறிரும்ல?” என்று கேட்காத புதியவர் கிடையாது. ஏறும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறும்; அதற்கு நிறமோ மணமோ கிடையாது. காலையில் பறிக்க உள்ளே போகிறவர் சுருண்டு விழுந்துவிடுவார். ஆளைப் பற்றிக் கவலை இல்லை என்றாலும், கரியமில வாயு கூடினால் காளானின் தண்டு நீண்டு, குடை சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும். மண்ணெண்ணெய் அடுப்புக்கும் இதே பதில்.

வெந்நீரும் நீராவியும்

நான் கட்சி கட்டுவது இந்தப் பக்கம்தான். வைக்கோலை வேகவைக்க எல்லாரிடமும் 200 லிட்டர் டிரம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்த வெந்நீரைத் தென்னை மரத்தடியில் திறந்துவிடுகிறோம். அதைக் குழாய் வழியாகக் குடிலுக்குள் இருக்கும் இன்னொரு மூடிய டிரம்முக்கு இறக்கினால், அதுவே ராத்திரி ஹீட்டர். 60 டிகிரியில் வைத்த 200 லிட்டர் நீர் விடிவதற்குள் 42, 43-க்கு இறங்கினால் சுமார் 4 யூனிட் சூட்டைச் சத்தமில்லாமல் அறையில் விட்டிருக்கும். நன்றாக மூடிய செங்கல் அறைக்கு அது ராத்திரியின் பெரும்பகுதித் தேவை. டிரம்மை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், வெளியே கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். கொதிக்கும் டிரம்மை உருட்டிக்கொண்டு போகிற வேலை மட்டும் வேண்டாம். அடியில் கேட் வால்வு, அங்கிருந்து சூடு தாங்கும் குழாய். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ளவர்களுக்கு விறகும் மிச்சம்.

நீராவி இதற்கு ஒரு படி மேலே, வேலையும் ஒரு படி மேலே. டிரம்மும் அடுப்பும் குடிலுக்கு வெளியே. துளையிட்ட இரும்புக் குழாய் மட்டும் உள்ளே, அடித்தட்டுக்குக் கீழே தரையை ஒட்டி ஓடும். புகை வெளியே போய்விடும், ஆவி மட்டும் உள்ளே வரும். அது ஈரத்தைக் கொண்டு வருகிறது; அதற்காக அறையின் சூட்டைத் திருடுவதில்லை. சுவரிலும் பையிலும் படிகிற ஆவி தன் சூட்டையும் அங்கேயே விட்டுவிடும். எரிக்கச் சீமைக் கருவேலம் இந்த வட்டாரத்தில் எங்கும் கிடக்கிறது. டிரம் மூடியை இறுக அடைத்துவிடக் கூடாது, அழுத்தம் ஏறினால் ஆபத்து. குழாய்த் துளை தரையைப் பார்த்து இருக்க வேண்டும். படுக்கையைப் பார்த்து இருந்தால் அந்த வரிசை வெந்துவிடும். இதன் விலை தூக்கம்தான்: பதினொரு மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை யாராவது எழுந்து விறகு தள்ள வேண்டும். வீட்டை ஒட்டிக் குடில் உள்ளவர்களுக்குச் சரி. தோப்பில் குடில் வைத்துவிட்டு ஊருக்குள் இருப்பவர்கள் வெந்நீர் டிரம்மோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதை வைத்தாலும் தெர்மாமீட்டரை வாசலில் மாட்டாதீர்கள். சூடு மேலே ஏறும். மேல்தட்டில் 32 காட்டும்போது அடித்தட்டில் 28தான் இருக்கும். அடித்தட்டு உயரத்தில் ஒன்று தொங்க வேண்டும்.

சூடே வேண்டாம் என்றால்?

இத்தனைக்கும் போட்டியாக ஒரு வழி இருக்கிறது: மார்கழியில் பால் காளானை விட்டுவிட்டுச் சிப்பிக் காளானுக்கு மாறுவது. அதற்கு 23 முதல் 27 டிகிரி போதும். கோடையில் காசு கொடுத்துத் தேடும் குளிர்ச்சி இப்போது சும்மா கிடைக்கிறது. அதே வைக்கோல், அதே டிரம், அதே குடில். கேசிங் வேலை கிடையாது. மதுரையின் பெயரையே தாங்கிய எம்.டி.யூ 1 சிப்பி ரகம்தான்.

அப்புறம் ஏன் எல்லாரும் மாறுவதில்லை? பறித்த பால் காளான் சாதாரணமாகவே இரண்டு மூன்று நாள் தாங்கும். சிப்பி மறுநாளே வாடும். கடைக்காரர்கள் பால் காளானைக் கேட்பதற்கு அதுவே காரணம். ஒரு முறை சப்ளையை நிறுத்தினால் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். கடை பிடித்து வைத்திருப்பவர்கள் சூட்டுக்குச் செலவழிக்கட்டும். வாரம் கொஞ்சம் பறித்து அக்கம்பக்கத்தில் விற்பவர்களுக்கு நான் சிப்பியைத்தான் சொல்வேன். சிப்பி விரிந்தால் தூள் நிறையப் பறக்கும், இருமல் வரும்; மாஸ்க் கட்டிக்கொண்டு, விளிம்பு மெலிந்து விரியும் முன்னே பறித்துவிட வேண்டும்.

மாறுவதென்றால் தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கார்த்திகை நடுவில் போடும் பால் காளான் படுக்கை, மொட்டு வைக்கும் நேரத்தில் சரியாக நடு மார்கழிக் குளிரில் மாட்டும். அதனால் ஐப்பசிக் கடைசியோடு நிறுத்திக்கொண்டு, கார்த்திகை பிறந்ததும் சிப்பிப் பைகளைத் தொங்கவிடலாம். தை கடைசியில் போடும் பால் காளான் படுக்கைக்குக் கேசிங் முடிந்து மொட்டு வரும்போது மாசி பாதி தாண்டியிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். அதற்குள் சிப்பிப் பைகளை அகற்றி, குடிலைக் கழுவி, இரண்டு நாள் தட்டியைத் தூக்கிக் காயப் போட்டுவிட வேண்டும்.