'தேகோ அப்னா தேஷ்' திட்டம்: காரைக்குடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

2022-க்குள் ஒவ்வொரு குடும்பமும் உள்நாட்டில் 15 சுற்றுலாத் தலங்களுக்காவது சென்றுவர வேண்டும் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் கேட்டுக்கொண்டார். அதையொட்டி மத்திய சுற்றுலா அமைச்சகம் 2020 ஜனவரியில் தொடங்கிய 'தேகோ அப்னா தேஷ்' ('நம் நாட்டைப் பாருங்கள்') திட்டத்தில், காரைக்குடியில் வசிக்கும் எங்கள் குடும்பம் அந்த ஆண்டே சேர்ந்தது. சேர்வதற்கு இணையத்தில் உறுதிமொழி எடுத்தால் போதும், கட்டணம் கிடையாது.

சேர்ந்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது. இத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி எங்களுக்குக் கிடைத்தது அப்போதுதான். 2020 ஏப்ரல் 14 முதல் அமைச்சகம் நடத்திய இணையவழி உரைகளைக் குடும்பமாக அமர்ந்து பார்த்தோம். அவை விளம்பரப் படங்கள் போல இல்லாமல், ஓர் இடத்தை எந்த வரிசையில் பார்ப்பது, எதன் முன் நிற்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தன. நாங்கள் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்ததால், வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. மாநில மொழிகளில் இவை எங்களுக்குக் கிடைக்காததைப் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

பிறகு பல்லவன் விரைவு வண்டியில் சென்னை சென்று, அங்கிருந்து ஒடிசா போய்க் கோனார்க் சூரியக் கோயிலைப் பார்த்தபோது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதன் பயன் புரிந்தது. அங்குள்ள 24 சக்கரங்களில் ஒன்றன் அச்சுக்கு நேரே வழிகாட்டி விரலை நீட்டினார். அதன் நிழல் விழுந்த இடத்திலிருந்து ஆரங்களையும் விளிம்பில் செதுக்கிய மணிகளையும் எண்ணி அவர் சொன்ன நேரம், எங்கள் கைக்கடிகாரத்தோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. பெரிய ஆரங்கள் எட்டு. இரண்டு ஆரங்களுக்கு இடைப்பட்டது மூன்று மணி நேரம் என்ற கணக்கை அறிந்து போயிருந்ததால், பிள்ளைகள் அடுத்த சக்கரத்தில் தாங்களே கணக்கிடத் தொடங்கிவிட்டார்கள். மண்டபத்துக்குள் ஏன் நுழைய முடியாது என்று அவர்கள் கேட்டபோது, கட்டடம் சரியாமல் தாங்குவதற்காக 1903-ல் உள்ளே மணலை நிரப்பி அடைத்த செய்தியைச் சொல்லவும் முடிந்தது.

ஒரு விதியில் எனக்கு உடன்பாடில்லை. 15 இடங்களைப் பார்த்துப் படங்களைப் பதிவேற்றுவோருக்கு ஊக்கமளிப்பதாக அறிவித்தபோது, அவை சொந்த மாநிலத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். வெளிமாநிலங்களை அறிய வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால், காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய திருமயம் கோட்டையையே பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் சத்தியகிரீஸ்வரருக்கும் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் உள்ளன; கோட்டை மேலே பீரங்கி இன்னும் இருக்கிறது. இவற்றைக் கண்டவரும் நாட்டைக் கண்டவர்தானே?

2024 மார்ச்சில் மக்களே சுற்றுலாத் தலங்களைத் தேர்ந்தெடுக்கும் இணைய வாக்கெடுப்பு வந்தபோது, நான் தயங்காமல் செட்டிநாட்டுக்கு வாக்களித்தேன். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே இடம்பெற்ற ஊர்கள் இவை. எனினும், அவற்றில் ஒன்றான கானாடுகாத்தானுக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைக் காண வரும் வெளியூர்க்காரர் பெரும்பாலும் பூட்டிய முகப்பைத்தான் பார்த்துத் திரும்புகிறார். பர்மா தேக்குத் தூண்களும், வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளும், அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீட்டைத் திறந்துவைப்பது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். பராமரிக்க இயலாமல் இடித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. பயணிகளை அனுப்பிவைக்கும் திட்டம், அவர்கள் வந்து பார்க்கும் வீடுகள் நிலைத்திருக்கவும் ஏதேனும் செய்ய வேண்டும்.

இக்குறைகளுக்குப் பிறகும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இத்திட்டத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய இணைய உரைகளை யூடியூபில் தேடி, போகும் இடத்துக்கு உரியதை மட்டும் பயணத்துக்கு முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். முதல் பயணமாகத் திருமயத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது; பாறை சூடேறிய பிறகு பெரியவர்களால் மேலே ஏற முடியாது.