புட்டுவுக்கு ஒரு எக்ஸ்ரே: திருகோணமலை விடுமுறையில் பாதி போன கதை

இந்த முறை ஊருக்குப் போனது கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, நிலாவெளியில் நாலு நாள் கடலில் கிடந்துவிட்டு வரத்தான். ஆனால் விடுமுறையில் பாதி அக்காவின் பக் நாய் புட்டுவோடு போய்விட்டது.

உவர்மலை வீட்டில் போய் இறங்கிய அன்றே கவனித்தேன். சாப்பிட்டுப் பத்து நிமிடம் இருக்காது, தலையைத் தொங்கப் போட்டு, உதட்டை நக்கி நக்கி, எதையோ விழுங்கி விழுங்கி, பிறகு சோறு அப்படியே உருளையாக வந்து விழும். வயிற்றை எக்கவில்லை, ஓங்காளிக்கவும் இல்லை. "கச்சான் காத்துத் தம்பி, வெக்கைக்குச் சத்தி எடுக்குது" என்றா அக்கா.

முதலில் போனது டவுனில் ஒரு கிளினிக். காத்திருப்பு இல்லை, காசும் பெரிதில்லை, ஆனால் நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூச்சி மருந்தும் ஒரு ஊசியும். ஒரு கிழமை போனது, ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதாகப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். அவ கேட்ட முதல் கேள்வியே "சத்தியா, கக்கலா?" என்பதுதான். சத்தி என்றால் இரைப்பையிலிருந்து, வயிறு எக்கித்தான் வரும். உணவுக்குழாயிலிருந்து திரும்புவது சும்மா வழிந்து விழும். போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன், மூன்று தடவை பார்த்தா. நாயைக் காட்டப் போகிறவர்கள் தயவுசெய்து வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டொக்டர் முன்னால் அது ஒருநாளும் கக்காது.

அவ சந்தேகப்பட்டது ஹையேற்றல் ஹேர்னியா. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்குகிற ஓட்டை தளர்ந்து, இரைப்பையின் மேல் பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடுவது. பக், புல்டோக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிழுக்கவே பெரும் பாடு, அந்த இழுவையில் இரைப்பையும் மேலே இழுபடுமாம். அவவிடம் எக்ஸ்ரே மெசின் இல்லை, கண்டிப் பக்கம் ஓர் இடத்துக்கு எழுதித் தந்தா.

புட்டு வெயிலில் மூச்சுத் திணறும் என்பதால் விடிய மூன்று மணிக்கே ஏசி வான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. (வான்காரருக்குக் கொடுத்தது மருத்துவச் செலவு மொத்தத்தையும் விட அதிகம்.)

முதல் இரண்டு படமும் சுத்தம். சரி, ஒன்றுமில்லை என்று எழும்பப் பார்த்தேன், அங்கேயிருந்த டொக்டர் விடவில்லை. இது வழுக்கி ஏறி இறங்குகிற வகை, படம் எடுக்கிற நொடியில் இரைப்பை கீழே இருந்தால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது என்றார். விழுங்கும்போதே ஓடவிட்டுப் பார்க்கிற ஃபுளோரோஸ்கோபி இருந்தால் நல்லது, அவரிடம் அது இல்லை, அதனால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற பேரியம் கொடுத்துப் படம். மயக்க ஊசி போட்டால் உணவுக்குழாயின் அசைவே மாறிவிடும் என்று போடவில்லை. ஈய அங்கி மாட்டிக்கொண்டு நான்தான் பிடித்தேன். பேரியம் கலந்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரையீரலுக்குள் போய்விடாமல் பார்த்துப் பார்த்துத் தீத்தினார்கள். புட்டுவின் தாடை, என் சட்டை, மேசை எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

வயிற்றை மெல்ல அழுத்திப் பிடித்து எடுத்த படத்தில்தான் அகப்பட்டது. இதயத்துக்குப் பின்னால், உதரவிதானக் கோட்டைத் தாண்டி, தேசிக்காய் அளவில் ஒரு வெள்ளை. அதற்குள் கோடு கோடாக மடிப்புகள். டொக்டர் பேனா நுனியை வைத்து, "இந்த மடிப்பு இரைப்பைக்குத்தான் இருக்கும், அது நெஞ்சுக்குள் என்ன செய்கிறது?" என்றார். உணவுக்குழாய் வீங்கிக் கிடக்கவில்லை, நுரையீரலில் சளிக்காய்ச்சல் அடையாளமும் இல்லை.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. பேரியம் கொடுத்துப் படம் எடுப்பார்களா என்று முதலே போனில் கேட்டுத்தான் போனேன், அப்படிக் கேட்ட வேறு இரண்டு இடங்களில் "எக்ஸ்ரே இருக்கு, வாங்கோ" என்றுதான் சொன்னார்கள். அங்கே போயிருந்தால் சுத்தமான படத்தோடு திரும்பியிருப்போம், அக்காவும் வெக்கை என்றே இருந்திருப்பா.

படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், இளம் டொக்டர் அன்றிரவே கூப்பிட்டா. இப்போதைக்கு இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல், கொழுப்பில்லாத சாப்பாடு நாலு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு குறைய வேண்டும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்துகிற சத்திரசிகிச்சையை முதலில் யோசிப்போம், ஓட்டையை இறுக்கித் தைப்பது அப்புறம்.

அடுத்த நாள் பார்மசிக்காரர் உறையை எடுத்து "ஆருக்கு?" என்றார். அக்கா சொன்னா. அவர் சிரிக்காமல் எழுதித் தந்தார்: புட்டு, காலை, சாப்பாட்டுக்கு முன்.