வீட்டு லிஃப்டுக்கு ஸ்லாபை வெட்டிய ஆட்கள்: வேலை எப்படி, எங்கே உஷாராக இருக்க வேண்டும்

வீட்டுக்குள் லிஃப்ட் வைக்கப்போகிறவர்கள் லிஃப்ட் கம்பெனியைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்த மாடல், எத்தனை கிலோ தாங்கும், கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடுமா என்றெல்லாம் துருவிக் கேட்கிறார்கள். ஆனால் அந்த லிஃப்ட் மேலே போவதற்கு மாடித் தளத்தின் கான்கிரீட் ஸ்லாபில் ஓட்டை போடப்போவது யார் என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது, அதையும் லிஃப்ட்காரரே "எங்க ஆளு இருக்காரு சார், அவர் பாத்துப்பாரு" என்று முடித்துவிடுவார். லிஃப்ட் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஸ்லாபை அப்படி மாற்ற முடியாது. அதனால் கட்டிங் வேலையைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன்.

எங்களுடையது சென்னையில் தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள பழைய வீடு. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறவே முடியவில்லை. லிஃப்டுக்கு நான்கடிக்கு நான்கடி திறப்பு வேண்டும் என்றார்கள். வெட்டிய கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் இந்தத் தொழிலில் போர்டு ஒன்றாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரும் குழு வேறாக இருக்கும். மெஷினும் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஹில்டியா போஷா என்று கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. மெஷின் ஓடாத நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல குழுவுக்கும் சுமாரான குழுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது.

எங்கள் கொத்தனார் பிரேக்கர் (கான்கிரீட்டை இடித்து உடைக்கும் மெஷின்) வைத்து உடைத்துவிடலாம், செலவு பாதிதான் என்றார். சுவரை மொத்தமாக இடிக்க வேண்டும் என்றால் பிரேக்கர் சரி. மனிதர்கள் நடமாடுகிற ஸ்லாபில் நடுவே மட்டும் ஒரு சதுரத்தை எடுக்க வேண்டும் என்றால் பிரேக்கரின் அதிர்வு அந்தச் சதுரத்தோடு நிற்காது. பக்கத்துக் கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் போகும், சீலிங் பூச்சு பொத்தல் பொத்தலாக விழும், கம்பியைச் சுற்றியுள்ள பிடிமானம் தளரும். கட்டிங் குழு கொண்டுவரும் வைர பிளேடு உடைப்பதில்லை, அரைத்துக்கொண்டே உள்ளே இறங்குகிறது, அதனால் ஓரம் நேராக இருக்கிறது, அக்கம்பக்கம் அசைவதில்லை. இதற்காகத்தான் அந்தக் கூடுதல் காசு.

வந்த குழு முதல் நாள் வெட்டவே இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. சூப்பர்வைசர் ஒரு கம்பி ஸ்கேனரைக் கொண்டுவந்து கீழே ஏணி போட்டு ஏறி சீலிங் முழுக்க உருட்டினார், பீப் கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். பழைய வீட்டுக்கு எந்த ட்ராயிங்கும் இல்லை, கட்டிய மேஸ்திரியும் இன்று இல்லை, ஆக கம்பி எந்தப் பக்கமாக ஓடுகிறது, மறைந்த பீம் ஏதாவது இருக்கிறதா, ஃபேனுக்கு வயர் போகும் குழாய் (கன்டியூட்) எங்கே என்பதெல்லாம் இந்தச் சாக்பீஸ் கோட்டில்தான் தெரிந்தது. அதைப் பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், நாங்கள் நினைத்த இடத்திலிருந்து திறப்பை ஒன்றரை அடி தள்ளச் சொன்னார். பீமைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஸ்லாபில் முக்கியக் கம்பி ஒரே திசையில் ஓடுகிறது, அதைத்தான் நடுவில் அறுக்கப்போகிறோம் என்பதால் திறப்பைச் சுற்றி இரும்பு சானல் கட்டி அதைச் சுவரில் ஏற்றிய பிறகுதான் வெட்டு என்று கறாராகச் சொல்லிவிட்டார். பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது, முதலில் வெட்டிவிட்டு அப்புறம் சானல் வாங்கப் போகிறார்கள்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. நான்கடிக்கு நான்கடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் கிட்டத்தட்ட 470 கிலோ. அதை ஒரே துண்டாக வெட்டி "டமால்" என்று கீழே விட்டால் தரை டைல்ஸ் மட்டும் போகாது. இவர்கள் ஆறு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள், ஒன்று எழுபத்தைந்து கிலோ சொச்சம். கீழே முட்டுக் கொடுத்துப் பலகை மேடை, மேலே சாரக் குழாயில் செயின் புளாக். ஒவ்வொரு துண்டிலும் முன்கூட்டியே துளை போட்டு போல்ட் மாட்டி, செயினில் தொங்கவிட்ட பிறகுதான் கடைசிப் பக்கத்தை அறுத்தார்கள். அம்மா ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்பா, அவ்ளோ பெரிசா எடுத்தா மேல இருக்கறது கீழ வந்துடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆபரேட்டர் விழுப்புரம் பக்கத்துக்காரர், "வராதும்மா, வந்தா மொதல்ல நான்தான் அடியில இருப்பேன்" என்றார். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் அடுக்களைக்குள் போய்விட்டார்.

இந்த வேலையில் நான் மிகவும் ரசித்தது மூலைகள். வட்ட பிளேடு கீழே இறங்கும்போது மேலே நீளமாகவும் அடியில் குட்டையாகவும்தான் வெட்டும். மூலையில் அடிவரை வெட்டு சேர வேண்டும் என்றால் மேலே கோட்டைத் தாண்டி ஓட்ட வேண்டும், அப்படித் தாண்டிய வெட்டு நாம் விட்டுவைக்க வேண்டிய ஸ்லாபில் போய் அங்கிருக்கும் கம்பியையும் அறுத்துவிடும். பிற்காலத்தில் விரிசல் கிளம்புவதும் அந்த மூலையிலிருந்துதான். நல்ல குழு என்றால் முதலில் நான்கு மூலையிலும் கோர் பிட்டால் (நுனியில் வைரம் பதித்த, உள்ளே வெற்றான குழாய்) வட்டத் துளை போடுவார்கள், பிளேடு துளையைத் தொட்டதும் நின்றுவிடும். நீங்கள் விலை பேசும்போதே "மூலைக்கு கோர் போடுவீங்களா?" என்று கேளுங்கள். எதிராளி முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பிளேடு ஆழம். 14 அங்குல பிளேடு என்றால் 14 அங்குலம் வெட்டும் என்று நினைத்துவிடக்கூடாது, நடுவில் மோட்டார் பிடிமானம் போக ஐந்து அங்குலம்தான் இறங்கும். எங்கள் ஸ்லாப் ஐந்து அங்குலம், அதன் மேல் டைல்ஸும் கலவையும் இரண்டு அங்குலம். அதனால் முந்தின நாளே டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லாமல் வரும் குழு, பாதி வெட்டி மாட்டிக்கொண்டு மீதியைப் பிரேக்கரால் தட்டும். பிரேக்கர் வேண்டாம் என்றுதானே காசு கொடுக்கிறோம்! இதைவிடக் கனமான சுவருக்குத் தண்டவாளம் மாதிரி ட்ராக் பொருத்தி ஓடும் வால் சா (சுவர் அறுக்கும் மெஷின்) இருக்கிறது, பாலத் தூண், பெரிய ஃபவுண்டேஷன் என்றால் வைர மணி கோத்த வயர் சா. வீட்டுக்கு இதெல்லாம் தேவைப்படாது.

சத்தமே இருக்காது என்று போனில் சொன்னார்கள், அது பொய். பிரேக்கரைவிடக் குறைவு, சரி, ஆனால் காதைக் கிழிக்கிற கீச்சொலி நிற்காமல் வரும், கம்பியைத் தொடும்போது இன்னும் மோசம். கோர் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கான்கிரீட்டில் ஓடும்வரை பிட்டிலிருந்து வெள்ளைச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பால் வழிகிறது, கம்பியில் பட்டதும் தண்ணீர் கறுத்து அதில் பொடிப்பொடியாக இரும்புத் தூள் மின்னுகிறது. ஆபரேட்டர் உடனே கைப்பிடி அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார், அழுத்தினால் பிட் சிக்கிக்கொண்டு மெஷின் கையை முறுக்கும். வெளியே வந்த உருளையைக் கழுவிக் காட்டினார், ஜல்லி எல்லாம் வழவழப்பாக வெட்டுப்பட்டு மொசைக் தரை மாதிரி இருந்தது, ஓரத்தில் எட்டு எம்எம் கம்பியின் வெட்டு வாய் பளபளவென்று.

சென்னை ஜல்லி பிட்டைத் தின்றுவிடும் என்று அவர் அலுத்துக்கொண்டார். அதில் உண்மை இருக்கிறது. சென்னையைச் சுற்றிப் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கருங்கல் சார்னோகைட் என்ற மிகக் கடினமான வகை. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் அங்கிருக்கும் கல்லறைக் கல்லே இந்தப் பாறைதான், அதை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரைக் கொடுத்தார். கல் கடினமாக இருந்தால் பிட்டில் வைரத்தைப் பிடித்து வைத்திருக்கும் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் உலோகம் சீக்கிரம் தேய்ந்து புது வைரம் வெளியே வரும். பிட் மழுங்கிப் போய் வழுக்க ஆரம்பித்தால் ஒரு செங்கல்லில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மறுபடி மாட்டுவார்கள். செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தபோது எதற்கு என்று புரியவில்லை, பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது குறைகள். சிமெண்ட் பால் பெரிய தொல்லை. மேலே தண்ணீர் ஊற்றி வெட்டினால் அது கீழேதான் வரும். பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்கள், வாக்யூம் வைத்து உறிஞ்சினார்கள், அப்படியும் ஹால் சுவரில் ஒரு பக்கம் ஓடி இறங்கிக் காய்ந்துவிட்டது. பெயிண்ட் செலவு நம்முடையது. வேலை முடிந்ததும் ஒரு பையன் வாளி நிறையச் சேர்ந்ததைப் பாத்ரூம் ஜாலியில் ஊற்றப் போனான், நல்லவேளையாகச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். அது பைப்புக்குள் போய் இறுகிவிட்டால் தரையைத் தோண்ட வேண்டியதுதான். வாளியில் ஒரு ராத்திரி அப்படியே வைத்தால் அடியில் படிந்துவிடும், மேல் தண்ணீரை வெளியே மண்ணில் ஊற்றிவிட்டுக் கட்டியைக் குப்பையோடு போடலாம். தண்ணீர் வேண்டாம், உலர்வாகவே வெட்டிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வந்தால் குணமே கிடையாது. நமக்கு ஒரு நாள், அந்தப் பையன்களுக்குத் தினமும். இந்தக் குழுவில் ஆபரேட்டர் மட்டும் மாஸ்க் போட்டிருந்தார், மற்றவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு நான் மார்க் குறைப்பேன்.

வெட்டிய துண்டுகளை அள்ளிப் போவது ரேட்டில் சேராது என்பதையும் கடைசியில்தான் சொன்னார்கள். வண்டிக்காரர் தனி, தூக்குகிறவர்கள் தனி.

என் மச்சான் டிபன் கடை வைத்திருக்கிறார், அவருக்குக் கிடைத்த அனுபவம் வேறு மாதிரி. அது வேறு குழு, பெயர் வேண்டாம். புது அடுப்படிக்கு வடிகால் பைப் ஒன்று ஸ்லாப் வழியாக இறங்க வேண்டும். நான்கு அங்குல பைப்தானே என்று நான்கு அங்குல பிட்டால் போட்டுவிட்டார்கள். நான்கு அங்குல பிவிசி பைப்பின் வெளி அளவு 110 எம்எம், நான்கு அங்குலத் துளையோ 102 எம்எம்தான். பைப் எப்படி நுழையும்? மறுபடி ஐந்து அங்குலத்தில் போட வேண்டியதாயிற்று. போட்ட துளையை அதே இடத்தில் பெரிதாக்குவது லேசில் நடக்காது, நடுவில் பிடிப்பதற்குக் கான்கிரீட் இல்லாததால் பிட் ஆடும். ஸ்கேனரும் கொண்டுவரவில்லை, சுவரில் எக்ஸாஸ்டுக்குத் துளை போடும்போது உள்ளே போன வயரைக் கத்தரித்துவிட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை முழுக்க இருட்டு. மச்சான் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

கடை, ஆபீஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புது வணிகக் கட்டடங்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் நிறைய வருகிறது. அதில் கம்பிக்குப் பதில் இழுத்துக் கட்டிய கேபிள் உள்ளே இருக்கும், அதை அறுத்தால் இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட அந்த ஸ்லாப் பகுதிக்கே ஆபத்து. கட்டட உரிமையாளரிடம் ட்ராயிங் வாங்கி, எழுத்தில் சம்மதம் வாங்கி, அப்புறம்தான் மெஷினை உள்ளே விட வேண்டும்.

ரேட் பேசுவது எப்படி என்றால், கோர் கட்டிங்குக்கு விட்டத்தையும் ஆழத்தையும் வைத்து ஒரு துளைக்கு இவ்வளவு, ஸ்லாபுக்கு ஆழத்தை வைத்து ரன்னிங் அடிக்கு (வெட்டின் நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும்) இவ்வளவு. கம்பி அதிகம் இருந்தால் எக்ஸ்ட்ரா என்பார்கள், அதற்கும் ஒரு உச்சவரம்பை முன்னாலேயே பேசி வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு அங்கேதான் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. கரண்டும் தண்ணீரும் நாம்தான் தர வேண்டும். கோர் மெஷின் 15 ஆம்ப் பிளக்கில் ஓடிவிடும், ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும், ஈரத்தில் நிற்கிறார்கள். ஏசி பைப்புக்குத் துளை என்றால் வெளிப்பக்கம் லேசாகச் சரிவு வைக்கச் சொல்லுங்கள், நேராகப் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் நேராகத்தான் போடுவார்கள்.

மொத்தத்தில் எங்கள் குழுவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அடுத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பைப் இறக்க வேண்டியிருக்கிறது, இவர்களையேதான் கூப்பிடப்போகிறேன். ஆனால் செங்கல் சுவரில் சுவிட்ச் பாக்ஸ் வைக்கவோ, ஒரு இஞ்ச் வயர் போகவோ இவர்களைத் தேடாதீர்கள், ஒரு துளைக்கு வந்தாலும் மினிமம் சார்ஜ் வாங்குவார்கள், அதற்கு உங்கள் எலக்ட்ரீஷியனின் உளியும் சுத்தியலுமே தாராளம்.