பாவத்தின் பிடியிலிருந்து விடுதலை: லூத்தரும் வெஸ்லியும்

"நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று வேதாகமத்தின் ரோமர் நிருபம் 7-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் புலம்புகிறார். இது விசுவாசியின் வாழ்நாள் போராட்டம் என்றார் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர்: கிறிஸ்துவுக்குள் நீதிமான், அதேவேளை பாவியும்கூட. மெதடிஸ்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லிக்கோ அது இன்னும் கிருபைக்குள் வராமல் நியாயப்பிரமாணத்தின் (தேவ கட்டளைகளின்) கீழ் தவிப்பவனின் குரல். கிருபைக்குள் வந்தவர்களைப் "பாவம் மேற்கொள்ளமாட்டாது" (ரோமர் 6:14) என்பதை அவர் அப்படியே நம்பினார். இத்தனைக்கும் 1738-இல் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது, ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான்!

விழுந்து நொந்து கிடப்பவருக்கு லூத்தரின் ஆறுதல் வேண்டும். ஆனால் அதே கோபத்தை, அதே பொய்யை "நானும் மனுஷன்தானே" என்று வருஷக்கணக்காக விடாமல் வைத்திருப்பவரிடம் வெஸ்லி சொன்னதைத்தான் சொல்வேன். சரி, பாவச் சோதனையே நெருங்காது என்றா அவர் போதித்தார்? இல்லை. அறியாமையும் தவறும் சோதனையும் கூடவே இருக்கும், தெரிந்தே மீறும் பாவம் மட்டும் நம்மை ஆளாது என்றார்.