1969 மாக் 1 வாங்கப் போகிறீர்களா? கதவுத் தகட்டில் இருக்கும் ஆக்சில் எழுத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

பழைய அமெரிக்க மசில் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒஹாயோவில் கிளாசிக் கார் விற்கும் ஒரு டீலர், 1969 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1 ஒன்றுக்காக என்னிடம் 2,500 டாலர் முன்பணம் வாங்கினார். விளம்பரத்தில் "ஃபேக்டரி 4.30 ஆக்சில், டிராக் பேக், சூப்பர் கோப்ரா ஜெட்" என்று போட்டிருந்தார். அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்ததோ 3.50 ஆக்சிலோடு. பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த எண் பின் ஆக்சிலின் பல் விகிதம். அதில் ஒரு எண் மாறினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். இந்த வண்டியில் எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

3.50 என்றால் கிரௌனில் (சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 35 பல், பினியனில் (ஷாஃப்ட் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) 10 பல். 4.30 என்றால் 43-க்கு 10. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.30 சுற்று சுற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி பாயும். ஆனால் நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் மணிக்கு 60 மைல் போனால் இன்ஜின் 3,250 ஆர்.பி.எம். பக்கத்தில் கத்திக்கொண்டே இருக்கும். 3.50 வண்டியில் அது 2,650 அளவில்தான். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவர் 4.30 கேட்க மாட்டார். டிராக் ரேஸ் ஓட்டும் எண்ணம் உள்ளவர்தான் கேட்பார். அதனால்தான் அவை குறைவு.

அப்புறம் ஃபோர்டு செய்த இன்னொரு காரியம். 428 கன அங்குல கோப்ரா ஜெட் இன்ஜினோடு 3.91 அல்லது 4.30 ஆக்சில் கேட்டவர்களுக்கு இன்ஜினையே பலப்படுத்திக் கொடுத்தார்கள். கனெக்டிங் ராடுகளில் நட்டு-போல்ட்டுக்குப் பதில் கேப் ஸ்க்ரூ, கிராங்க் முன்பக்கம் டேம்பருக்குப் பின்னால் கூடுதல் எடை, ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் கூலர். இந்த இன்ஜின்தான் சூப்பர் கோப்ரா ஜெட், இந்த ஆக்சிலும் இன்ஜினும் சேர்ந்த தொகுப்புதான் டிராக் பேக். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே 335 குதிரைத்திறன். சேசிஸ் நம்பரிலும் வித்தியாசம் கிடையாது. ராம் ஏர் (வெளிக்காற்றை நேராக இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள 428 என்றால் சாதாரணமோ சூப்பரோ, ஐந்தாவது எழுத்து "ஆர்" தான். வண்டியின் மேல் பொறித்திருப்பதில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஓட்டுநர் கதவில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் உள்ள ஆக்சில் எழுத்து. "எஸ்" என்றால் 3.50 டிராக்ஷன்-லாக் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வகை), "வி" என்றால் 3.91, "டபிள்யூ" என்றால் 4.30. விலை ஆயிரக்கணக்கான டாலர் ஏறுவது அந்த ஓர் எழுத்தால்.

அந்தத் தகடு இன்று புதிதாக அடித்துக் கிடைக்கிறது. துருப்பிடித்த தகட்டை மாற்றுவதற்காக நேர்மையாக வாங்குகிறவர்கள் நிறைய பேர். அதே வசதி ஏமாற்றுகிறவருக்கும் கிடைத்துவிடுகிறது. ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்சிலின் அமைப்பும் அவருக்குச் சாதகம். நடுப்பகுதி முழுவதையும் ஹவுசிங்கிலிருந்து முன்பக்கமாகக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். 4.30 பல் ஏற்றிய வேறொன்றை மாட்ட ஒரு சனிக்கிழமை போதும். "4எல்30" என்று பொறித்த சின்ன டேக் ஒன்றையும் போல்ட்டில் மாட்டிவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் பொருந்திவிடும்.

எனக்குக் காட்டிய வண்டியில் இத்தனையும் இருந்தது. லிஃப்டில் ஏற்றி, சக்கரங்களை ஒரு சுற்று சுற்றி ஷாஃப்டை எண்ணினோம். நாலே கால் சுற்றுக்குச் சற்று மேல், சரியாகத்தான் வந்தது. உள்ளே இருந்தது உண்மையிலேயே 4.30. ஆனால் இன்று உள்ளே இருக்கும் பல், 1969-இல் உள்ளே இருந்த பல் என்று ஆகாது. டிராக் பேக்கில் 4.30-உடன் பெரும்பாலும் வந்தது டெட்ராய்ட் லாக்கர், இரண்டு பின்சக்கரங்களையும் பூட்டிச் சேர்த்துச் சுற்ற வைக்கும் கருவி. மெதுவாக வளைந்து திரும்பும்போது பின்னாலிருந்து டக் டக்கென்று சத்தம் வரும். இந்த வண்டியை ஒடித்துத் திருப்பியபோது பின்னால் சத்தமே இல்லை. கேட்டதற்கு, "முன்னாடி வைத்திருந்தவர் மாற்றியிருப்பார்" என்றார் டீலர். ஆயில் கூலர் எங்கே என்றதற்கும் அதே பதில். கதவுத் தகட்டில் மட்டும் "டபிள்யூ" பளிச்சென்று இருந்தது, ரிவெட் தலைகளும் புதுசு.

வேறொருவர் பார்க்க வருகிறார் என்று அவசரப்படுத்தினார். சேசிஸ் நம்பரை வைத்து மார்ட்டி ரிப்போர்ட் வரவழைக்கிறேன், பொருந்தாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று கேட்டேன். போனில், "கண்டிப்பாக" என்றார். கார்டில் பணம் போன பிறகு மின்னஞ்சலில் வந்த ரசீதின் அடியில், முன்பணம் எக்காரணத்துக்கும் திரும்பாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அன்றே எதிர்ப்புத் தெரிவித்து எழுதினேன். பதில் இல்லை.

மார்ட்டி ரிப்போர்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1967 முதலான ஃபோர்டு வண்டிகளின் தயாரிப்புப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருப்பவர் அரிசோனாவில் உள்ள கெவின் மார்ட்டி. நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வண்டி என்ன நிறம், என்ன ஆக்சில், என்னென்ன ஆப்ஷன் என்று ஃபோர்டின் பதிவிலிருந்தே எடுத்துத் தருவார்கள். எனக்கு வந்த தாளில் 3.50 டிராக்ஷன்-லாக் என்று இருந்தது. டிராக் பேக் என்ற பேச்சே இல்லை.

ரிப்போர்ட்டை அனுப்பியதும் டீலரின் குரலே மாறிவிட்டது. "ரிப்போர்ட்டில் தவறு இருக்கும், தகட்டைப் பாருங்கள்" என்றார். தொழிற்சாலைப் பதிவை விட்டுவிட்டு ரிவெட் மின்னும் தகட்டை நம்பச் சொல்கிறார்! எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. நல்ல 3.50 கோப்ரா ஜெட் ஒன்று, இருக்கிறபடியே மதிப்புள்ள வண்டி, அதன் பிறப்பையே மாற்றி எழுதிவிட்டார்கள். இனி அது கைமாறும் இடமெல்லாம் அந்தப் பொய்யும் கூடவே போகும்.

மற்ற கம்பெனி வண்டி தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பான்டியாக் என்றால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பழைய பில் விவரம் கிடைக்கும். பிளிமத், டாட்ஜ் என்றால் ஃபென்டர் டேகில் (இன்ஜின் அறையில் உள்ள குறியீட்டுத் தகடு) ஏ33 (3.54), ஏ34 (4.10) என்ற டானா 60 எனும் பலமான ஆக்சில் பேக்கேஜின் குறியீடுகளைக் காட்டுவார்கள். அந்த டேகும் புதிதாக அடித்துக் கிடைப்பதுதான், ஆகவே சீட் ஸ்ப்ரிங்குக்குள் கிடைக்கும் பிராட்காஸ்ட் ஷீட்டை, அதாவது தொழிற்சாலையில் வண்டி கட்டுவதற்கான விவரத் தாளைக் கேளுங்கள். அமெரிக்காவில் விற்ற ஷெவெல் போன்ற ஷெவர்லே வண்டிகளில்தான் அதிகக் கஷ்டம். தொழிற்சாலைப் பதிவு கிடைக்காது. பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிக்கிடக்கும் பில்டு ஷீட் (அதே மாதிரியான விவரத் தாள்) தப்பியிருந்தால் உண்டு. ஆக்சில் குழாயில் அடித்த குறியீட்டையும் மறுபடி அடிக்க முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கார்டு வங்கியில் பணத்தை மறுத்து மனு போட்டிருக்கிறேன், ஒஹாயோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்தாயிற்று. போன வாரம் அதே வண்டி மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கிறது, "டிராக் பேக்" என்ற வார்த்தையை இன்னும் எடுக்கவில்லை. அகாபுல்கோ நீலம், உள்ளே கறுப்பு, நான்கு கியர் மேனுவல். யாராவது இதற்கு விலை பேசிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், என்னிடம் இருக்கும் ரிப்போர்ட்டின் நகலை அனுப்பி வைக்கிறேன்.