308 ஜிஎஸ்எம் காகிதம் என்று காசு வாங்கி 230 கொடுத்தார்கள்

கண்காட்சிக்குப் படம் பிரிண்ட் போடக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மரக்காணம் உப்பளத்தில் இரண்டு சீசன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பதினைந்தைத் தேர்ந்தெடுத்து, போன மாதம் சென்னையில் ஒரு சின்ன ஹாலில் வைத்தேன். பிரிண்ட் அளவிலேயே லேப்காரரோடு இழுபறி. 16க்கு 20 போடுங்கள், ஃபிரேம் ரெடிமேடாகக் கிடைக்கும் என்றார். என் கேமரா எடுப்பதோ மூன்றுக்கு இரண்டு. 20 அங்குலத்தில் அடக்கினால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். உப்பு வாரும் அம்மாவின் கையில் இருக்கும் நீளக் கம்பு பாதியோடு நின்றுவிடும். 16க்கு 24தான் என்று பிடிவாதமாக நின்றேன். 24 மெகாபிக்சல் படத்துக்கு அது அங்குலத்துக்கு 250 பிக்சல், சுவரில் பார்க்கத் தாராளம்.

ஹால் முழுக்க விளக்கு என்பதால் பளபளப்பும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஹானமுலே கம்பெனியின் ஃபோட்டோ ராக் 308, பஞ்சுக் காகிதம், பளபளப்பில்லாத மேட். 308 என்பது அதன் ஜிஎஸ்எம், அதாவது காகிதத்தின் எடைக் கணக்கு. ஒரு பிரிண்ட் 1,400 ரூபாய். ஏ4 அளவில் சாம்பிள் கொடுத்தார்கள். உப்புக் குவியலின் வெள்ளைக்குள் ஒட்டியிருந்த மண்துகள்கூடத் தெரிந்தது. அங்கேயே பாதிப் பணம் கட்டிவிட்டேன்.

சாம்பிள் நல்ல காகிதம்தான். அதில்தான் ஏமாந்தேன்.

மொத்தம் பதினாறு பிரிண்ட். பதினைந்தைச் சன்போர்டில் (கெட்டியான ஃபோம் பலகை) ஒட்டித் தரச் சொன்னேன், ஒன்று மட்டும் அந்த அம்மாவுக்குக் கொடுக்க, ஒட்டாமல். கண்காட்சிக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குத்தான் கைக்கு வந்தது. (கடைசி நேரத்தில் கொடுப்பதும் ஒரு உத்தி என்று இப்போது தோன்றுகிறது.) கடையின் ட்யூப்லைட்டில் குறை தெரியவில்லை. மறுநாள் ஹாலின் மஞ்சள் ஸ்பாட்லைட்டைப் போட்டதும் உப்பெல்லாம் ரோஸ் கலருக்குப் போய்விட்டது. வந்தவர்களில் ஒருவர், "விடியக்காலைல எடுத்ததா சார், லேசா கலர் சேர்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

கறுப்பு வெள்ளைக்கென்று இருக்கும் செட்டிங்கைத் தொடாமல், எல்லாக் கலர் மையையும் கலந்து அடித்தால் இப்படித்தான் சாயம் ஏறும். சரி, கவனக்குறைவு என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டாத பிரிண்ட்டை எடுத்தால் காகிதம் மெலிதாக இருந்த மாதிரி பட்டது. சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, பிரிண்ட்டைச் சுருட்டி அதற்குள் நிறுத்தினேன். டப்பா எடை போக 57 கிராம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை. 16க்கு 24 அங்குலம் என்பது கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 308 ஜிஎஸ்எம் என்றால் 76 கிராம் இருக்க வேண்டும். 57 என்றால் கணக்கு 230க்கு வருகிறது. சாதாரண மேட் ஃபோட்டோ பேப்பர். மற்றதெல்லாம் சன்போர்டில் ஒட்டியாகிவிட்டதே, யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கடைக்குப் போய்க் கேட்டால், "பார்க்க ஒரே மாதிரிதானே சார் இருக்கு?" என்றார். பில்லைப் பாருங்கள் என்று அவரே எடுத்து நீட்டினார். 'மேட் பிரிண்ட் 16 பீஸ்' என்று மட்டும் இருந்தது. காகிதத்தின் பெயரும் இல்லை, எடையும் இல்லை. நானும் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்திருந்தேன், என் தப்புதான்.

கொடுக்கப் போகிறவர்கள் பில்லில் காகிதத்தின் பெயரையும் ஜிஎஸ்எம்மையும் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒட்டுவதற்கு முன்னால் பிரிண்ட்டை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் ஒன்றை ஹாலுக்கே எடுத்துப் போய் அங்கிருக்கும் விளக்கில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒட்டக் கொடுக்காமல் ஒன்றைத் தனியாக வாங்கி எடை போடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, கடையிலிருந்து ஆறாயிரம் தருகிறோம் என்றார்கள். மொத்தம் கட்டியது 22,400. ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேறு கடையில் புதிதாக ஒன்று போடக் கொடுத்திருக்கிறேன்.